பிடிக்காத கேமில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். உங்கள் பத்திரிகையைத் தினமும் காலையில் போனில் வாசிக்கிறேன். செல்போன் கேம் எல்லாமே வெட்டுக்குத்துதான், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் அவருக்குப் பக்கத்தில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது கை வரவில்லை.

எனக்கு 63 வயது. 28 வருஷம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். எனக்குப் பிடித்த ஆட்டங்கள் எல்லாம் உட்கார்ந்து யோசிக்கிறவை: சுடோகு, கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஃப்ரீசெல் சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலே சிட்டுயின். சிட்டுயின் என்பது பர்மியச் சதுரங்கம். உங்கள் ஊர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டம் அதே 64தான். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது சிப்பாய்களுக்கு மட்டும்தான் இடம் ஒதுக்கியிருக்கும், பாதிப் பேர் மூன்றாம் வரிசையில், பாதிப் பேர் நான்காம் வரிசையில். அவர்களுக்குப் பின்னால் ராஜாவை எங்கே ஒளித்துவைப்பது, யானையை, குதிரையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் ஆடுகிறவர் இஷ்டம். எதிராளி எப்படி அடுக்குகிறான் என்று பார்த்து நாம் அடுக்குவோம். முதல் நகர்த்தலுக்கு முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடும். டீக்கடையில் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து அந்த அடுக்கலுக்கே ஒரு டீயைக் குடித்து முடித்தவன் நான்.

இப்படிப்பட்டவனுக்கு, சத்தமும் வெளிச்சமுமாக ஓடி ஓடி அடிக்கிற கேம் எப்படிப் பிடிக்கும்? தம்பி மகன் எங்களோடுதான் இருக்கிறான். அவனும் அவன் சிநேகிதர்களும் மொபைல் லெஜண்ட்ஸ் என்கிற செல்போன் சண்டை கேம் ஆடும்போது நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். இந்த ஊரில் பையன்களுக்கு அந்த கேம்தான் உயிர். 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் அதன் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி நடந்தது. பர்மீஸ் கூல்ஸ் என்று நம் நாட்டுப் பையன்கள், எதிரே ஃபிலிப்பைன்ஸ் அணி. ஏழு ஆட்டம் போய், 4-3 என்று தோற்றார்கள். எங்கள் தெருவில் எழுந்த கூச்சலைக் கேட்டு நான் கால்பந்து என்றே நினைத்தேன். விஷயம் தெரிந்ததும், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சுடோகுவுக்குத் திரும்பிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது உங்களுக்கே தெரியும். வெகுநாள் போனில் நெட்டே இல்லை. கேமைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் மாட்டிக்கொண்டது ரொம்பப் பிந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற கேம் அது. அன்று ஐந்தாவது பையன் வரவில்லை. "பெரியப்பா, ஒரே ஒரு ஆட்டம். நீங்க யாரையும் அடிக்க வேணாம். எங்க பின்னாலேயே வந்து வைத்தியம் பாருங்க, போதும்" என்று தம்பி மகன் கெஞ்சினான். எஸ்டெஸ் என்று ஒரு வைத்தியரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். கம்பவுண்டருக்குப் பொருத்தமான ஆள் என்று பையன்கள் சிரித்தார்கள். முதல் ஆட்டத்தில் பதினோரு தடவை செத்தேன். ஒவ்வொரு தடவையும் திரை சாம்பல் நிறமாகிவிடும், திரும்ப உயிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்த இடைவேளைதான் பிடித்திருந்தது. படத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

அந்த எஸ்டெஸின் வைத்தியம் எப்படித் தெரியுமா? அடிபட்டவனைத் தொட்டதும் அவனுக்கும் நமக்கும் நடுவே நூல் மாதிரி ஓர் ஒளி கட்டிக்கொள்ளும். நூல் இருக்கும்வரை அவனுக்கு உயிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். அவன் தூரமாக ஓடினால் நூல் அறுந்துவிடும். பையன்களோ நாலில் ஒரு பங்கு உயிர் ஏறியதும் எதிரியைத் துரத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். "டேய், நில்லுடா! மருந்து முடியலடா!" என்று நான் கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்து என் மனைவி வெளியே வந்துவிட்டாள். ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால் இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் இன்னும் மோசமாக வந்து நிற்பார்களே, அதே ஆட்கள்தான். 28 வருஷமாக அவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டியிருந்தது. கேமில் திட்டலாம்.

அன்று தோற்றோம். ராத்திரி படுத்துக்கொண்டு எங்கே நின்றிருந்தால் நூல் அறுந்திருக்காது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கேமைப் பற்றி அப்படி யோசித்தால் அது பிடித்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அப்புறம் சொந்தமாக ஒரு கணக்குத் தொடங்கினேன். வாரியர், எலைட், மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் என்று படிகள். கிராண்ட்மாஸ்டர் ஆனபோது சதுரங்கக்காரனுக்கு ஒரு பூரிப்பு வந்தது. அதற்கு மேலேயும் எபிக், லெஜண்ட், மித்திக் என்று இருக்கிறது, கிராண்ட்மாஸ்டர் ஒன்றும் பெரிய ஆள் கிடையாது என்று தம்பி மகன் சொல்லி அதைக் கெடுத்தான். எபிக் வந்து சேர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அங்கே சண்டைக்கு முன்னால் ஆள் எடுக்கும் படலம் ஒன்று உண்டு. 100-க்கும் மேற்பட்ட வீரர்களில் எதிரிக்குக் கிடைக்கக் கூடாத சிலரை முதலில் தடை செய்ய வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். அவன் இவனை எடுத்தால் நாம் யாரை எடுப்பது? இவனை இப்போதே காட்டிவிடலாமா, கடைசிவரை ஒளித்துவைக்கலாமா? அடப்பாவிகளா, இது சிட்டுயின் அடுக்கல்! சத்தத்துக்குப் பயந்து இத்தனை வருஷம் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த ஆட்டத்தின் வாசலிலேயே என் டீக்கடை ஆட்டம் உட்கார்ந்திருக்கிறது. இப்போது எங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் யோசனை என் பொறுப்பு. ஓடுவதும் அடிப்பதும் அவர்கள் பாடு.

உள்ளே வேடிக்கையும் உண்டு. நடுவே ஆற்றில் ஒரு ஆமை வரும். அதை அடிக்கிற அணிக்குக் காசும் கவசமும் கிடைக்கும் என்பதால் அதற்காகவே பெரிய சண்டை மூளும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவன், அந்த ஆமைக்காகப் பத்துப் பேர் வெட்டிக்கொள்வதைப் பார்த்து முதலில் சிரித்துத் தோற்றேன்.

இதைப் படித்துவிட்டு, கிழவன் எல்லா கேமுக்கும் வக்காலத்து வாங்குகிறான் என்று அந்த வாசகர் நினைக்க வேண்டாம். இந்த தைரியத்தில் பப்ஜியையும் ஆடிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் தலை சுற்றி, வாந்தி வருகிற மாதிரி ஆகி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்துவிட்டேன். துப்பாக்கி எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பேய் வருகிற கேமைத் தொடவே மாட்டேன். அவர் சொன்ன வெட்டுக்குத்தும் உண்மைதான், நான் வைத்தியம் பார்த்து அனுப்புகிறவன் போய் வெட்டத்தான் செய்கிறான். வைரம் வாங்கு, புது உடுப்பு வாங்கு என்று அந்த கேம் ஓயாமல் காசு கேட்கும். தம்பி மகன் ஒரு வீரனின் உடுப்புக்குக் கொடுத்த காசில் எனக்கு இரண்டு கைலி வாங்கியிருக்கலாம். இதையெல்லாம் அவர் எழுதினால் நானும் ஆமாம் போடுவேன். எல்லாம் ஒன்றுதான் என்று எழுதும்போதுதான் உடன்பட முடியவில்லை. அவர் யார் ரூபத்தில் உள்ளே போய்ப் பார்த்தார் என்று கேட்க ஆசை. வெட்டுகிறவனாகப் போயிருந்தால் நானும் அன்றே போனை வைத்திருப்பேன்.

இங்கே கரெண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. ஆட்டத்தின் நடுவே போனால் வைஃபையும் போய்விடும். பாதியில் விட்டவனுக்கு கேமில் மதிப்பெண் குறையும், கூட ஆடியவன் வாயாலும் கேட்க வேண்டியிருக்கும். அதனால் கரெண்ட் வருகிற நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்து, பவர் பேங்கையும் ஏற்றி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறோம். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன், இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு புகார். ஞாயிற்றுக்கிழமை சுடோகுவை இப்போதெல்லாம் மிகச் சின்னதாகப் போடுகிறீர்கள். போனில் பெரிதாக்கினால் எண்கள் கலங்கிவிடுகின்றன, மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிகின்றன. வலது கண்ணில் புரை எடுத்தவன் நான். தயவுசெய்து கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கம்பவுண்டர்,
யாங்கோன்