அடுக்கை மேல ஏத்துங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

புதுசா கண்டுபிடிச்ச ரொம்பப் பெரிய பகா எண்ணைப் பத்தி உங்க பேப்பர்ல நியூஸ் போட்டிருந்தீங்க, இந்த மாதிரி நியூஸ் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல தேங்க்ஸ். ஆனா நீங்க போட்ட நம்பரை நீங்களே ஒரு தடவை பாருங்க, 2136279841-1. 136279841-ங்கிற அடுக்கு மேல ஏறாம 2-க்குப் பக்கத்துலயே உக்காந்துடுச்சு. அப்படியே கழிச்சா 2136279840, வெறும் பத்து இலக்கம், கடைசியில 0 வேற, ரெண்டாங்கிளாஸ் பையன் கூட ரெண்டால வகுத்துடுவான்!

நிஜ கணக்கு என்னன்னா, 13,62,79,841 ரெண்டை வரிசையா போட்டு பெருக்கி வர்றதுல 1 கழிக்கணும், அதான் 2024 அக்டோபர்ல பெரிய பகா எண்களைத் தேடற கிம்ப்ஸ் குழுவுல இருக்கிற லூக் டுரான்ட் கண்டுபிடிச்சது, மொத்தம் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம். இந்த வகைக்கு மெர்சென் எண்ணுன்னு பேரு. அடுக்கு பகா எண்ணா இருந்தா போதும், வர்ற நம்பரும் பகா எண்ணாயிடும்னு நினைச்சுடாதீங்க, அடுக்கு 11 போட்டா 2047 வரும், அது 23 பெருக்கல் 89, அவ்வளவுதான் கதை முடிஞ்சுது.

இவ்ளோ பெரிய நம்பரை எப்படி செக் பண்ணாங்கன்னு நீங்க எழுதவே இல்ல, எனக்கு அதான் ரொம்ப வருத்தம். லூகாஸ்-லேமர் டெஸ்ட்டுனு ஒண்ணு இருக்கு, 4-ல ஆரம்பிச்சு ஸ்கொயர் பண்ணி 2 கழிக்கணும், நம்ம நம்பரால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கிட்டு திரும்ப அதையே பண்ணணும், மொத்தம் அடுக்குல ரெண்டு கம்மியா அத்தனை தடவை, கடைசியில ஜீரோ வந்தா அது பகா எண். அடுக்கு 5-னா நம்பர் 31, அதுக்குப் போட்டுப் பாருங்க: 4, அப்புறம் 14, அடுத்து 194, அதை 31-ஆல வகுத்தா மீதி 8, எட்டெட்டு 64-ல ரெண்டு போனா 62, மீதி 0. மூணாவது ஸ்டெப்ல ஜீரோ, அப்போ 31 பகா எண். பேப்பர் ஓரத்துலயே போட்டுடலாம். இதே வேலையை அந்தப் பெரிய நம்பருக்கு 13,62,79,839 தடவை பண்ணணும், ஒவ்வொரு தடவையும் கோடிக்கணக்கான இலக்கம், அதனாலதான் ஜிபியு (ஒரே நேரத்துல நிறைய கணக்கு போடற கம்ப்யூட்டர் சிப்) யூஸ் பண்ணாங்க.

"உலகின் மிகப்பெரிய பகா எண்"ணுங்கிற தலைப்பும் தப்பு, இதுக்கு முடிவே கிடையாதுனு யூக்ளிட் எப்பவோ நிரூபிச்சுட்டாரு. இருக்கிற பகா எண் எல்லாத்தையும் பெருக்கி 1 கூட்டுங்க, அதுல எதால வகுத்தாலும் மீதி 1 வரும், அப்போ லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு இருந்தே ஆகணும். "இதுவரை தெரிஞ்சதுல"ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்திருந்தா பிரச்சினையே இல்ல.

அப்புறம் பேங்க் பாஸ்வேர்டை எல்லாம் இதுதான் காப்பாத்தப் போகுதுன்னு கடைசி பாராவுல எழுதினது யாரு சார்? தகவலை ரகசியமா பூட்டி வைக்கிற ஆர்எஸ்ஏங்கிற முறையில யூஸ் பண்றது சுமார் 300 இலக்க பகா எண்ணுங்க, அதுவும் யாருக்கும் தெரியாம ரகசியமா இருக்கணும். ஊருக்கே தெரிஞ்ச நம்பரை வச்சு எந்தப் பூட்டைப் பூட்டுறது?

திருத்தம் போடுவீங்கன்னு நம்புறேன், போடறப்போ அந்த 136279841-ஐ மறக்காம மேல ஏத்திடுங்க.

இப்படிக்கு,
தினமும் படிக்கிற வாசகர்