நடு நட்டைத் தொடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

புது ஷாக் அப்சர்பர் பெட்டிக்குள் வந்த, மாட்டும் முறை போட்ட தாளை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாயே, அதை நானும் அப்பாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி மறந்துபோகும். எழுதி அனுப்பினால் வண்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துச் செய்யலாம், அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம். பெங்களூரில் அத்தனை பட்டறை இருக்க, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நீயே ஷாக் அப்சர்பர் மாற்றுவானேன் என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதின பெண் ஸ்பேனர் பிடிக்காமல் வேறு என்ன பிடிப்பாள்? ஆனால் அந்தத் தாளை மட்டும் நம்பிப் பிடிக்காதே.

பெட்டிக்குள் வருகிற தாளையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறவள் இந்தக் காட்பாடி ரோட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மெக்கானிக்குகள் பெட்டியைத் திறந்ததும் அதில் கையைத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பொருளைச் செய்த கம்பெனிக்கு அதன் பொருளைத்தான் தெரியும், உன் வண்டியைத் தெரியாது. ஒரே தாளைப் பத்து மாடலுக்குப் போட்டு அனுப்புவார்கள். உன் தாளில் இரண்டாவது படத்தைப் பார். வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியின் லிங்க் ராடு, சக்கரத்தைக் கீழே தாங்குகிற லோயர் ஆர்மில் மாட்டியிருக்கிறது. உன் வண்டியில் அது ஸ்ட்ரட்டிலேயே, அதாவது முன்பக்க ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த அந்தத் தூணிலேயே, மாட்டியிருக்கும். படத்தில் இருப்பது உன் வண்டியே இல்லை.

அதனால் முதல் வேலை, உன் வண்டி மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைத் தேடி எடு. எந்த நட்டை எவ்வளவு டார்க்கில், அதாவது எவ்வளவு திருகு விசையில், முடுக்க வேண்டும் என்பது அதில்தான் சரியாக இருக்கும். இந்தத் தாளில் ‘டார்க் 80’ என்று மொட்டையாகப் போட்டிருக்கிறானே, அது எந்தக் கணக்கு? நியூட்டன் மீட்டர் என்றால் 80தான். ஃபுட் பவுண்டு என்றால் 108 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம் வந்துவிடும். ஜப்பான்காரர்களின் பழைய கணக்கில், கிலோகிராம் மீட்டரில் போட்டால் அதே முடுக்குக்கு 8 என்றுதான் எழுதுவார்கள். ஒரு போல்ட்டுக்கு 80 கேட்கிற இடத்தில் 108 வைத்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. மரை இழுத்துக்கொண்டு நிற்கும், அடுத்த தடவை கழட்டும்போது கையோடு வரும்.

அடுத்தது, தாளில் போட்டிருக்கிற அந்த ‘டிரைவர் சைடு’. இடப்பக்கம் ஸ்டியரிங் இருக்கிற நாட்டில் அச்சடித்த தாள் என்றால் அங்கே டிரைவர் சைடு என்பது இடது. நமக்கு வலது. தாளை நம்பி மாட்டினால் வலது ஸ்ட்ரட் இடதுக்குப் போய்விடும். மாட்டவும் மாட்டும், அதுதான் கஷ்டம். பிரேக் ஹோஸைப் பிடிக்கிற கிளிப் மட்டும் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும், ஹோஸ் டயரில் உரசும். எல், ஆர் என்று எழுத்து பொறித்திருந்தால் அது எப்போதும் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறவருடைய இடது, வலது. பானெட்டுக்கு எதிரில் நின்று குழப்பிக்கொள்ளாதே. எதற்கும் பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, கிளிப், போல்ட் ஓட்டை, ஸ்ப்ரிங் உட்காரும் தட்டு மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா பார்த்துவிட்டு அப்புறம் கையை வை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். நீ அனுப்பின போட்டோவில் ஓரத்தில் மூன்று சின்ன நட்டு, நடுவில் ஒரு பெரிய நட்டு. ஸ்ட்ரட்டை இறக்குவதற்கு ஓரத்து மூன்றைத்தான் கழட்ட வேண்டும். நடு நட்டைத் தொடாதே. ஷாக் தண்டையும் அழுத்தி வைத்த ஸ்ப்ரிங்கையும் மேலே பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்டுதான். சக்கரம் காற்றில் தொங்கும்போதுகூட உள்ளே ஸ்ப்ரிங் முழுதாகத் தளர்ந்திருக்காது. வண்டியின் ஒரு மூலை எடையைத் தாங்குகிற ஸ்ப்ரிங் அது. நட்டு விட்டுப்போனால் தாடையை உடைத்துக்கொண்டு போகும். உன் தாளில் அம்புக்குறி போட்டிருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் நடு நட்டைக் காட்டுகிறதா, ஓரத்து நட்டைக் காட்டுகிறதா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாத தாளுக்கு மற்ற எட்டுப் படமும் எதற்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நீ வாங்கியிருப்பது வெறும் ஷாக். பழைய ஸ்ப்ரிங்கைக் கழட்டி அதில் ஏற்ற வேண்டும். அந்த ஒரு வேலை உனக்கு வேண்டாம். ஆன்லைனில் ஸ்ப்ரிங்கை அழுத்திப் பிடிக்க என்று மலிவாக இரண்டு கொக்கி போட்ட கம்ப்ரஸர் விற்கிறானாம், அதை வாங்கவே வாங்காதே. ஸ்ட்ரட்டை முழுசாகக் கழட்டி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு, நல்ல ஸ்ப்ரிங் பிரஸ் இருக்கிற பட்டறைக்குப் போ. அவர்கள் மாற்றித் தரட்டும், நீ பக்கத்தில் நின்று பார். ஸ்ப்ரிங்கின் வால் கீழ்த்தட்டில் இருக்கிற படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும். தண்டில் ஏறுகிற ரப்பர்க் கட்டையான பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் திரும்ப ஏற வேண்டும். ‘அது இல்லாவிட்டாலும் ஓடும்மா’ என்பார்கள், விடாதே. மேல் மவுண்ட்டில் உள்ள பேரிங்கைக் கையால் சுற்றிப் பார், கரகரவென்றால் இப்போதே மாற்றிவிடு. தண்டின் நட்டைப் பட்டறையின் ஏர் கன் போட்டுச் சுற்ற விடாதே. தண்டும் சேர்ந்து சுற்றி உள்ளே சீல் போய்விடும். தண்டை அலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால்தான் முடுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் நீ தாராளமாகச் செய்யலாம். ஜாக்கியில் தூக்கினபிறகு ஸ்டாண்ட் கொடுக்காமல் உள்ளே கை விடாதே. வண்டியோடு வருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். தரையில் இருக்கிற சக்கரங்களுக்குக் கட்டை கொடு, கழட்டின சக்கரத்தைப் பாடிக்கு அடியில் தள்ளி வை. ஸ்ட்ரட்டின் கீழே, சக்கரத்தைத் தாங்குகிற இரும்பான நக்கிளைப் பிடிக்கிற இரண்டு போல்ட்டையும் கழட்டும் முன்னால் அதன் தலையைச் சுற்றிப் பெயிண்டால் ஒரு கோடு இழு. சில வண்டியில் அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், சக்கரத்தின் சாய்வு அதில்தான் மாறும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். கம்பி போட்டுக் கட்டிவிடு. இல்லையென்றால் ஆக்ஸில் உள்ளே கழன்றுகொள்ளும், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும். முதல் நாள் ராத்திரியே நட்டுகளுக்கு துரு விடுகிற எண்ணெய் அடித்துவை.

கடைசிப் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறதே, ‘இன்ஸ்டாலேஷன் இஸ் ரிவர்ஸ் ஆஃப் ரிமூவல்’, கழட்டினதைத் திருப்பிச் செய்தால் மாட்டினதாகிவிடும் என்று. உலகத்தில் உள்ள அத்தனை தாளிலும் இந்த வரி இருக்கிறது. எனக்கு இதைப் பார்த்தால் ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு டிராவல்ஸ்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். பின்பக்க ஷாக்கின் கீழ்ப் புஷ் கிழிந்துபோய், அதைக் கல்லா மேல் வைத்து, ‘டூப்ளிகேட் சாமான் கொடுத்துட்டீங்க’ என்று சத்தம் போட்டார். மாட்டி ஒரு சீசன்கூட ஆகவில்லை. அப்பா புஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் ஒரே பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தது, உள்ளே இருக்கிற இரும்புக் குழாயை ஒட்டி நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ‘வண்டியைத் தூக்கி வெச்சிட்டே முடுக்கினீங்களா?’ என்று கேட்டார். அவர் ஆமாம் என்றார், வேறெப்படி முடுக்குவார்கள் என்கிற மாதிரி.

அங்கேதான் சங்கதி. அந்தப் புஷ்ஷில் நடுக்குழாய், வெளிவளையம், இரண்டையும் ஒட்டிக்கொண்டு ரப்பர். போல்ட்டை முடுக்கினதும் நடுக்குழாய் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ஆடுவது ரப்பர் முறுக்கிக்கொள்வதால் மட்டும்தான். சக்கரம் தொங்கும்போது முடுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், பிழிந்த துணி மாதிரி அந்த ரப்பர் நின்ற இடத்திலேயே முறுகி நிற்கும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இன்னும் கொஞ்சம் முறுக்கும். நம்ம ஊர் வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும்? அதனால் புஷ் வழியாகப் போகிற போல்ட் எதுவாக இருந்தாலும் தொங்கும்போது கையால் திருகி மட்டும் விடு. பின்னால் ஷாக்கின் கீழ் போல்ட் அப்படி, லோயர் ஆர்மைத் தொட்டிருந்தால் அதன் போல்ட்டும் அப்படி. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்துக்கு வந்தபிறகுதான் டார்க் ரெஞ்ச். அடியில் போக இடமில்லையென்றால், ஸ்டாண்டை எடுக்காமல், ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டை விட்டுத் துளி எழும்பும்வரை தூக்கு. அந்த நிலையில் முடுக்கு.

பின்னால் இன்னொன்று. ஷாக்கைக் கழட்டும் முன்னாலேயே ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி இருக்க வேண்டும். கீழே ரொம்ப இறங்காமல் ஆக்ஸிலைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ஷாக்தான். அது போனால் ஆக்ஸில் தொங்கி, ஸ்ப்ரிங் நழுவி, ஹோஸ் இழுபடும். ஒரு பக்கம் மாட்டிவிட்டு மறுபக்கம் கழட்டு.

பழைய லாக் நட்டைத் திரும்பப் போடாதே. உள்ளே நைலான் வளையம் இருக்கிற நட்டு ஒரு தடவை முடுக்கினால் அதோடு சரி. தாளில் ஒரு வார்த்தை இல்லை, பெட்டியிலும் பாதிதான் வைத்திருக்கிறான். அளவை அனுப்பு, பார்சலில் போடுகிறேன். புது ஷாக்கை நிற்கவைத்து முழுசாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, நாலைந்து தடவை செய்தபிறகு மாட்டு. படுக்க வைத்தே வந்திருக்கும், எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கும்.

கூடவே குட்டை ஸ்ப்ரிங்கும் வாங்கி வண்டியை இறக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கம்பெனி அளவுக்கே புது ஷாக் மாட்டுவது ரிப்பேர், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. வண்டியின் உயரத்தையே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரைக்கும் பேச்சு போகும். 2019இல் திருத்தினபிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஜெயிலோ, இரண்டுமோ என்று எழுதியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரரும் அதைத்தான் பிடிப்பார். அதுவும் இல்லாமல், நாலு பேரை ஏற்றிக்கொண்டு நம்ம தெருவுக்குள் வந்தால் அடித்தட்டு உரசும்.

முடித்ததும் முதலில் பார்க்கிங்குக்குள்ளேயே மெதுவாக ஓட்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்ப்ரிங் சத்தம் வந்தால் மேல் பேரிங்கோ, ஸ்ப்ரிங் உட்கார்ந்த விதமோ சரியில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போது ‘டக் டக்’ என்றால் லிங்க் ராடு நட்டையும் மேல் மூன்று நட்டையும் பார். அப்புறம் நேராக வீல் அலைன்மென்ட். ஸ்டியரிங் நேராகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதே, டயர் உள்பக்கம் தேய்வது மேலிருந்து பார்த்தால் தெரியாது. நூறு கிலோமீட்டர் போல ஓடினதும் எல்லா நட்டையும் ஒரு தடவை ரெஞ்ச் வைத்துப் பார்.

ஏலகிரிக்குப் போகணும் என்கிறாயே, அதெல்லாம் இந்தப் பரிசோதனைக்கு அப்புறம். பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும் கவிஞர் பேரும் வள்ளல் பேருமாக வைத்திருக்கிறார்கள், பாரியும் கபிலரும் எங்கேயும் போய்விட மாட்டார்கள். முதலில் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நேர் ரோட்டில் வீட்டுக்கு வந்து சேர். வண்டியை அப்பா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டும். ஏலகிரிக்கு நானும் வருகிறேன்.

வேலையைச் சனிக்கிழமை ஆரம்பி. கழட்டி, பட்டறையில் ஸ்ப்ரிங் மாற்றிக்கொண்டு வந்துவிடு. மாட்டுவதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். அன்றைக்குக் கடை லீவு, அப்பா வீட்டில்தான் இருப்பார், சந்தேகம் வந்தால் வீடியோ கால் போடு. பழைய ஷாக்கை எடைக்குப் போட்டுவிடாதே, எந்தப் பக்கம் எண்ணெய் அதிகம் கசிந்திருக்கிறது என்று அப்பா பார்க்க வேண்டுமாம். அலைன்மென்ட் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. நட்டு அளவை மறக்காமல் நாளைக்குள் சொல். முள்ளுக் கத்தரிக்காய் நல்லதாக வந்திருக்கிறது, அதே பார்சலில் வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா