‘மறுகா’ என்று கேட்டவனுக்கும் மற்ற எல்லோருக்கும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஆதித் திருச்சபையின் முதல் முந்நூறு ஆண்டுகளைப் பற்றி நான் எழுதிய புத்தகம் போன வாரம் அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கட்டை அவிழ்த்து ஒரு பிரதியைக் கையில் எடுத்தேன். அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே நன்றியுரைக்கு ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்க முடிந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள், அதனால் பெயரில்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

முதல் நன்றி ஒரு பொடியனுக்கு. அப்போது அவனுக்குப் பத்து வயது இருக்கும். ஞாயிறு பாடசாலையில் அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்து முடித்த நாள் அது. பவுல் ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு வருடம் இருந்தார், தன்னிடம் வந்த எல்லோரையும் ஏற்றுக்கொண்டார் என்பதோடு அந்தப் புத்தகம் நின்றுவிடும். நான் வேதாகமத்தை மூடினேன். அவன் கேட்டான்: “மறுகா என்ன நடந்தது, ரீச்சர்?” எங்கள் ஊர்ப் பேச்சில் மறுகா என்றால் பிறகு.

எனக்குத் தெரியவில்லை. பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவள் நான். 1814இல் வில்லியம் ஓல்ட் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் மறு வருடமே இந்த மண்ணில் இறந்துபோனதும் எனக்கு மனப்பாடம். ஆனால் பவுலுக்கும் எங்களுக்கும் நடுவில் கிடந்த காலம் எனக்கு வெறும் இருட்டு. அடுத்த கிழமை சொல்கிறேன் மகன் என்றேன். அந்த அடுத்த கிழமை வருவதற்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. தம்பி, நீ இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். உன் பிரதியை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவேன்.

அப்புறம் பாதர். நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரின் புத்தக அலுமாரி எனக்காகத் திறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தாண்டவன்வெளிப் பக்கம் ஒரு மரண வீட்டில்தான் அவரைச் சந்தித்தேன். யூசேபியஸை வாசிக்க வேண்டும், எங்கே கிடைக்கும் பாதர் என்று கேட்டேன். மறுநாளே சைக்கிளில் கொண்டுவந்தார். பாலஸ்தீனத்துச் செசரியாவின் ஆயராக இருந்த யூசேபியஸ் எழுதிய திருச்சபை வரலாறு, பத்துப் புத்தகங்களும் ஒரே கட்டில். இன்று நாங்கள் முதல் மூன்று நூற்றாண்டுகளைப் பற்றிப் பேசுவதில் பாதிக்கு மேல் அந்த ஒருவர் எடுத்து எழுதி வைத்ததிலிருந்து வருகிறது.

அந்த யூசேபியஸுக்கு ஒரு ஆசிரியர் இருந்தார். பெயர் பம்பிலஸ். செசரியாவில் பெரிய நூலகம் ஒன்றைச் சேர்த்தவர். ஏடுகளைத் தேடி எடுத்து, தன் கையாலேயே பிரதி எழுதி வைத்தவர். வேதப் பிரதிகளைக் கூடுதலாகத் தயாராக வைத்திருந்து, வாசிக்க விரும்பிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் கொடுத்தார் என்று ஜெரோம் எழுதியிருக்கிறார். ரோமப் பேரரசன் தியோக்லீசியன் தொடங்கிய துன்புறுத்தலில் பம்பிலஸைச் சிறையில் அடைத்தார்கள். சிறைக்குள் இருந்தபடியே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து முந்திய தலைமுறை வேத அறிஞர் ஒரிஜனுக்கு ஆதரவாக ஒரு நூல் எழுதினார்கள். ஐந்து பாகம் முடிந்திருந்தது. கி.பி. 310இல் பம்பிலஸைக் கொன்றார்கள். ஆறாவது பாகத்தை யூசேபியஸ் தனியாக எழுதி முடித்தார். அதற்குப் பிறகு அவர் பம்பிலஸின் யூசேபியஸ் என்றே அறியப்பட்டார். தகப்பன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஆசிரியரின் பெயர்.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். அதுதான் முதல் கொப்பி.

2004 மார்கழிக்குள் பன்னிரண்டு கொப்பிகள் நிரம்பிவிட்டன. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எங்கள் வீடு. 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. ஆராதனைக்காகப் புளியந்தீவுக்குப் போயிருந்ததால் நாங்கள் தப்பினோம். எங்கள் ஒழுங்கையில் தப்பாதவர்களைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. கொப்பிகளை அன்று நினைக்கவும் இல்லை. நினைக்கக்கூடிய நாட்களா அவை. மூன்று கிழமை கழித்து நாங்கள் தங்கியிருந்த பாடசாலைக்குப் பாதர் வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி. பெர்பெதுவாவைப் பற்றி நான் எழுதியிருந்த பன்னிரண்டாவது கொப்பி. நத்தாருக்கு முன்னால் வாசிக்க வாங்கிப் போயிருந்தார். “இது என்னட்ட இருந்தது ரீச்சர்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

203ஆம் ஆண்டு மார்ச் 7இல் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து அரங்கில் கொல்லப்பட்ட கிறிஸ்தவப் பெண் பெர்பெதுவா. வயது இருபத்திரண்டு. கையில் பால்குடிப் பிள்ளை. சிறைக்குள் இருந்தபடி தன் கதையைத் தானே எழுதினாள். அரங்கத்தில் நடக்கப்போவதை எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். யாரோ எழுதினார்கள். அந்த யாரோவின் பெயர் எங்களுக்கு வந்து சேரவில்லை. இரவல் போன கொப்பி தப்பியது, வீட்டில் பத்திரமாக வைத்தவை கடலோடு போயின. அதன் பிறகுதான் பழைய எழுத்துகள் பிழைத்த விதம் எனக்கு விளங்கியது. அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிற வழியில் அவர் எழுதிய கடிதங்களைப் பிலிப்பி சபையார் கேட்டபோது, சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப் தன்னிடம் இருந்தவற்றைச் சேர்த்து அனுப்பிவைத்தார். டிடக்கே என்கிற பழைய சபை ஒழுங்கு நூல் 1056இல் ஒருவர் எழுதி வைத்த பிரதியில் ஒளிந்திருந்தது. 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஒரு நூலகத்தில் அது கண்ணில் பட்டது. எழுதியவன் ஒருவன், காத்தவன் வேறொருவன். பாதர், நீங்கள் எனக்கு அந்த இரண்டாமவர்.

பாடசாலையில் இருந்த அதே நாட்களில்தான் உடுப்புகள் வந்தன. ஊர் ஊராக, நாடு நாடாக, மூட்டை மூட்டையாக. அவற்றைப் பிரித்து அடுக்கிய அக்காமாரை நான் மறக்க மாட்டேன். சேலை ஒரு பக்கம், சின்னப் பிள்ளைகளின் சட்டை ஒரு பக்கம், சோடி சேராத செருப்புகள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வைத்தார்கள். பல வருடம் கழித்து, 303இல் வட ஆபிரிக்காவின் சிர்த்தா நகரத்தில் நடந்த சோதனையின் பதிவை வாசித்தேன். இன்று அல்ஜீரியாவில் கொன்ஸ்தந்தீன் என்று சொல்லும் ஊர் அது. வேதப் புத்தகங்களைப் பறித்து எரிக்க வந்த அதிகாரிகள், சபையின் பொருட்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். பொன் கிண்ணம் இரண்டு, வெள்ளிக் கிண்ணம் ஆறு, விளக்குகள். பிறகு: பெண்களின் மேலங்கி 82, ஆண்களின் மேலங்கி 16, ஆண்களின் காலணி 13 சோடி, பெண்களின் காலணி 47 சோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த உடுப்புகள் அவை என்றே கருதப்படுகிறது. அந்தப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பகைவர்கள் எழுதிய கணக்கு அது. ஆனால் எனக்கு உங்கள் கையெழுத்துதான் தெரிந்தது அக்கா. புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தை அந்தச் செருப்புகளில்தான் தொடங்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலைகளில் என் வீட்டு விறாந்தையில் கூடிய மாதர் குழுவுக்கு என் கடன் பெரியது. எழுதிய ஒவ்வொரு அத்தியாயத்தையும் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணி ஆறிப்போகும் வரை கேட்டீர்கள், கேள்வி கேட்டீர்கள், சில நாள் சண்டையும் பிடித்தீர்கள். 250இல் பேரரசன் தேசியுஸ் போட்ட கட்டளையைப் பற்றிய அத்தியாயம் உங்களால்தான் மாறியது. எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, செலுத்தினேன் என்று அதிகாரிகள் முன்னிலையில் ஒரு சான்றுச் சீட்டு எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட சீட்டுகள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. சீட்டு எடுத்த கிறிஸ்தவர்களைக் கோழைகள் என்று எழுதியிருந்தேன். வாசித்து நிறுத்தினேன். சத்தமில்லை. விறாந்தை ஓரத்தில் அமர்ந்திருந்த மாமி மட்டும் பேசினார்: “அப்படி எழுதாத புள்ள. வீட்டில பிள்ளைகள் இருந்திருக்கும். பாஸ் துண்டு இல்லாம நாங்க எத்தினை தரம் பாலத்துச் செக்பொயிண்டில நிண்டிருக்கம்?”

அன்று இரவே அந்தச் சொல்லை வெட்டினேன். பிறகு அந்தக் காலத்தில் கார்த்தேஜின் ஆயராக இருந்த சிப்ரியானை மறுபடி எடுத்து வாசித்தேன். தவறியவர்களை மறுபடி சேர்ப்பதா, விடுவதா என்று கார்த்தேஜ் சபை பட்ட பாடு முழுவதும் அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆதித் திருச்சபை என்றாலே பொன்னான காலம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கேயும் பயம் இருந்தது, கோபம் இருந்தது, மன்னிக்க முடியாத மனம் இருந்தது. அதையும் சேர்த்து எழுதினால்தான் அது எங்கள் குடும்பக் கதை. மாமி, அந்த அத்தியாயம் உங்களுடையது.

களுவாஞ்சிகுடியிலிருந்து மெய்ப்புப் பார்த்துத் தந்த தமிழாசிரியர் சேருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது. சைவர். திருமுறை ஓதாமல் காலைச் சாப்பாடு சாப்பிடாதவர். 212 பக்கங்களை மூன்று தரம் வாசித்தார், ஒரு சதமும் வாங்கவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பிக் கிடந்த பக்கங்கள் அவை. அதற்கும் மேலாக அவர் ஒரு காரியம் செய்தார். “நிருபம் எண்டு எழுதினா எங்கட பிள்ளைகள் பத்திரிகை நிருபரைத்தான் நினைப்பாங்க. கடிதம் எண்டே எழுதுங்க” என்றார். அப்படிச் சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டுக் காட்டினார். கோயிலுக்கு வெளியே இருக்கிறவருக்கும் இந்தப் புத்தகம் விளங்குமென்றால் அது அவர் கைவண்ணம்.

ஒரு சொல்லில் மட்டும் நாங்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். கிறிஸ்து பிதாவோடு எப்படி ஒன்றாக இருக்கிறார் என்பதைச் சொல்ல, 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் தீர்மானித்த சொல்லை நான் ‘ஒரே தன்மை’ என்று எழுதினேன். பாதர் தங்கள் விசுவாச அறிக்கையில் உள்ளபடி ‘ஒரே பொருளானவர்’ என்பதே சரி என்றார். சேரிடம் கேட்டோம். பொருள் வேறு, தன்மை வேறு, சர்க்கரை பொருள், இனிப்பு தன்மை என்று தொடங்கி சைவ சித்தாந்தம் வரை போய் இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. மெதடிஸ்தப் பெண் ஒருத்தி, கத்தோலிக்கக் குரு ஒருவர், சைவ ஆசிரியர் ஒருவர், மூவரும் மட்டக்களப்பில் அமர்ந்து நிசேயாவின் ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடிய அந்த மாலையை நான் சாகும் வரை வைத்திருப்பேன். ‘ஒரே பொருள்’ என்றே போட்டிருக்கிறேன்.

காத்தான்குடியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவுக்கும் நன்றி. பாதரின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முன் இரவிரவாகப் பிரதி எடுத்து, நூல் வைத்துத் தைத்துத் தந்தீர்கள். தாளின் விலை மட்டும் வாங்கினீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் ஆலயத்தில் வெடித்த குண்டுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு, இந்த ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்த கிழமைகள் உங்களுக்கும் எனக்கும் தெரியும். நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். கேட் வாசலில் நின்று, உள்ளே வரலாமா ரீச்சர் என்று கேட்டீர்கள். நானா, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டி வந்ததே என்று இன்றும் மனம் வலிக்கிறது. வந்ததற்கு நன்றி.

என்னோடு ஒத்துப்போகாத போதகர் ஒருவருக்கும் மனப்பூர்வமாக நன்றி சொல்கிறேன். கி.பி. 112 அளவில் ரோமப் பேரரசின் பித்தினியா மாகாணத்து ஆளுநன் பிளினி, கிறிஸ்தவர்களான இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசன் திராயானுக்கு எழுதினான். சபையில் அவர்களுக்கு இருந்த பெயர் லத்தீனில் ‘மினிஸ்திரே’. அதைச் சபைப் பதவியைக் குறிக்கும் திருத்தொண்டர் என்ற சொல்லால் மொழிபெயர்த்தேன். போதகர் மறுத்தார், ஊழியக்காரிகள் என்றால் போதும் என்றார். நாங்கள் இருவரும் மாறவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விகளால்தான் நான் மூலத்தைத் தேடிப் போனேன், அந்தப் பக்கம் இப்போது உறுதியாக நிற்கிறது.

கனடாவிலிருந்து புத்தகங்கள் அனுப்பிய தம்பி மகளுக்கு, தட்டச்சு செய்த தங்கைக்கு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு எட்டு மாதம் இழுத்தடித்த ஒரு அச்சகத்திடமிருந்து கையெழுத்துப் பிரதியை மீட்டுத் தந்த மச்சானுக்கு, இரவில் நான் எழுதும்போது மின்சாரம் போனால் ஒன்றும் சொல்லாமல் லாம்பைக் கொளுத்திக் கொண்டுவந்து வைத்த என் கணவருக்கு, எல்லோருக்கும்.

ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தைச் சபையில் யாரும் விரும்பி வாசிப்பதில்லை, வெறும் பெயர்ப் பட்டியல் என்று. பவுல் அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். நடுவில் திடீரென்று வேறொரு குரல் கேட்கும்: இந்தக் கடிதத்தை எழுதின தெர்தியுவாகிய நான் உங்களை வாழ்த்துகிறேன். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய கை அது. எனக்கு அந்த ஒரு வசனம் போதும் என்று சில நாள் தோன்றும்.

பாதர், நீங்கள் இப்போது ஓய்வு இல்லத்தில் இருக்கிறீர்கள், கண்ணும் சரியாகத் தெரிவதில்லை என்று சிஸ்டர் சொன்னார். அந்தப் பன்னிரண்டாவது கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. பாதியில் நீங்கள் அடையாளமாக வைத்த குருத்தோலைத் துண்டும் அதே பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பெர்பெதுவாவைப் பார்க்க அவள் தகப்பன் சிறைக்கு வருகிற இடம் அது. வருகிற வியாழன் மாதர் குழுவோடு நான்கு மணிக்கு வருகிறேன். அங்கேயிருந்து வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்