எல்லிஸ் தீவுல யாரும் பேர மாத்தலைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல நார்வேலேர்ந்து அமெரிக்காவுக்குக் குடியேறினவங்களப் பத்தின கட்டுரைய படிச்சேன். 1825 ஜூலை 4ஆம் தேதி ஸ்டவாங்கர்லேர்ந்து ஒரு சின்ன கப்பல்ல 52 பேர் கிளம்பி, நடுக்கடல்ல ஒரு குழந்தை பிறந்து, அக்டோபர் 9ஆம் தேதி நியூயார்க்ல 53 பேரா இறங்கின கதையெல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா கடைசில ஒரு வரி, வந்தவங்க பேரு வாயில நுழையலன்னு எல்லிஸ் தீவு (நியூயார்க் துறைமுகத்துல, குடியேற வந்தவங்கள சரிபார்த்து உள்ள விட்ட இடம்) ஆபீசருங்க இஷ்டத்துக்கு மாத்தி எழுதிட்டாங்க, அதனாலதான் இப்ப பூர்வீகத்த கண்டுபிடிக்க முடியலன்னு. அதான் மனசுல இடிச்சுகிட்டே இருந்துச்சு.

இதே கதைய எங்க சம்பந்தியம்மா பதினஞ்சு வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க, நானும் தலையாட்டிட்டு இருந்தேன். நாங்க இருக்கறது மினசோட்டாவுல, மாப்பிள்ளை வீடு நார்வே வழி. பேத்திக்கு ஸ்கூல்ல வம்சாவளி எழுதிட்டு வரச் சொன்னாங்க, மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நேரமில்ல, ரிட்டயர் ஆகி சும்மா இருக்கற என் தலைல விழுந்துச்சு. ஸ்கூல் வேலை ஒரு வாரத்துல முடிஞ்சுது, நான்தான் ஒண்ணரை வருஷமா எந்திரிக்கவே இல்ல.

மாப்பிள்ளையோட எள்ளுத்தாத்தா. நிஜப் பேர போட வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க, ஓலேன்னு வச்சுக்குவோம், அந்தக் காலத்து நார்வேல திரும்பின பக்கமெல்லாம் ஓலேதான். குடும்பத்துக் கதை என்னன்னா, அவர் கிறிஸ்டியானியால, அதாவது இப்ப ஆஸ்லோன்னு சொல்ற ஊர்ல பிறந்தவர், பேரு ஹான்சன், எல்லிஸ் தீவுல அத பாக்கன்னு மாத்திட்டாங்க. அவர் வந்தது 1881. எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1ஆம் தேதிங்க! அதுக்கு முன்னாடி 1855லேர்ந்து 1890 வரைக்கும் நியூயார்க்ல வந்தவங்க இறங்கினது காசில் கார்டன்ல. சரி, எல்லிஸ் தீவுக்கு வந்தவங்களுக்காவது நடந்துதான்னா அதுவும் இல்ல, பேர் லிஸ்ட் கப்பல் ஏறும்போதே கம்பெனிக்காரங்க எழுதினது, இங்க இருக்கற ஆபீசர் அத கையில வச்சுகிட்டு ஒவ்வொருத்தரா சரிபார்த்தார், அவ்ளோதான்.

அப்ப பேர யார் மாத்தினது? ஓலேயேதான். இது வெள்ளைக்காரங்கள விட நமக்கு சட்டுனு புரியும்ங்க. அந்தக் காலத்துல கிராமத்துல குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, அப்பா ஹான்ஸ்னா பையன் ஹான்சன், பொண்ணு ஹான்ஸ்டாட்டர், நம்ம இனிஷியல் மாதிரி. கல்யாணம் ஆனாலும் பொண்ணுக்கு அதே பேருதான், புருஷன் பேரு ஒட்டாது. அதுகூட எந்தப் பண்ணைல குடியிருக்காங்களோ அந்தப் பண்ணைப் பேர விலாசம் மாதிரி பின்னால சேத்துக்குவாங்க, வேற பண்ணைக்குப் போனா அந்தப் பேரும் மாறிடும். எல்லாருக்கும் நிலையான குடும்பப் பேரு வேணும்னு சட்டம் வந்ததே 1923ல. ஓலே இங்க வந்து பாத்தா ஊருக்குள்ள ஏகப்பட்ட ஓலே ஹான்சன், அதனால பண்ணைப் பேர வச்சுகிட்டார்னு நினைக்கிறேன். பாக்கன்னா மேட்டுச் சரிவு. அவர் தம்பி டகோட்டாவுக்குப் போனவர் ஹான்சன்னே இருந்துட்டார், ரெண்டு வீட்டுப் பேரப்பிள்ளைங்களும் நாங்க உறவே இல்லன்னு நூறு வருஷமா நினைச்சுகிட்டு இருந்திருக்காங்க, பாருங்க.

அதனால தேடறவங்க பேர வச்சுத் தேடாதீங்க, ஊர வச்சுத் தேடுங்க. ஊர்னா நகரம் இல்ல, எந்த சர்ச்சோட பங்குல, அதாவது எந்த சர்ச்சோட எல்லைக்குள்ள, பண்ணை இருந்துச்சுங்கறது. மேட்டுச் சரிவு இல்லாத ஊர் நார்வேல ஏது, பாக்கன்னு நூத்துக்கணக்குல இடம் இருக்கு, பங்கு தெரியாம ஒண்ணும் நகராது. எங்களுக்கு அது கிடைச்சது நார்வேல இல்ல, இங்கயே பக்கத்து லூத்தரன் சர்ச் பழைய ரெஜிஸ்டர்ல. அமெரிக்க அரசாங்க சென்சஸ்ல வெறும் நார்வேன்னுதான் இருக்கும், ஆனா அந்த போதகரும் நார்வேக்காரர், அவருக்கு ஊர் முக்கியம், கல்யாணப் பதிவுல நோர்ட் அவுர்டால்னு எழுதி வச்சிருந்தார். வால்ட்ரஸ் பள்ளத்தாக்குல இருக்கற ஊர்.

அப்ப கிறிஸ்டியானியா எப்படி வந்துச்சு? அங்க போலீஸ் 1867லேர்ந்து கப்பலேறிப் போறவங்க பேர எழுதி வச்சிருக்காங்க, அதுல நம்மாளு இருக்கார், சொந்த ஊர் நோர்ட் அவுர்டால்னே போட்டிருக்கு. அவர் கிறிஸ்டியானியால பிறக்கல, அங்க கப்பல் ஏறினார். இன்னொரு குழப்பம், அந்தப் பள்ளத்தாக்கு இருந்த மாவட்டத்துக்கு அப்ப பேரு கிறிஸ்டியான்ஸ் அம்ட், 1919லதான் ஓப்லாந்துன்னு மாத்தினாங்க. காதுல விழுந்தா ரெண்டும் ஒண்ணுதானே!

நார்வே அரசாங்க ஆவணக் காப்பகம் சர்ச் புத்தகம், சென்சஸ் எல்லாத்தையும் டிஜிடல்ஆர்கிவெட்னு நெட்ல ஃப்ரீயா போட்டு வச்சிருக்கு, ஒரு பைசா செலவில்ல. (நான் முதல்ல வேற ஒரு கம்பெனிகிட்ட குடும்ப முத்திரைன்னு சிங்கம் போட்ட ஒரு படத்துக்கு நாப்பத்தஞ்சு டாலர் கொடுத்து ஏமாந்தேன். நார்வே பார்லிமென்ட் பிரபுப் பட்டமெல்லாம் இனி வேணாம்னு 1821லயே சட்டம் போட்டுடுச்சு, குத்தகைக் குடிசைக்காரனுக்கு எங்கேர்ந்து சிங்கம்?) கையெழுத்துதான் கஷ்டம், பழைய கோதிக் எழுத்து, எனக்கு மூணு மாசம் ஆச்சு பழக. அகரவரிசைலயும் ஒரு வம்பு, ஆஸன்னு ஆரம்பிக்கற பேர முதல்ல தேடுவோம், அதோட முதல் எழுத்து (Å) அவங்க வரிசைல கடைசி எழுத்து.

ஒரு தப்பு பண்ணினேன், சொல்லிடறேன். ஞானஸ்நானப் புத்தகத்துல ஓலே கிடைச்சான்னு குதிச்சு சம்பந்தி வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அடக்கப் பதிவப் பாத்தா அந்த ஓலே ரெண்டு வயசுல செத்துட்டான். அங்க மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு வைக்கறது வழக்கம், நம்ம பேரன்ங்கற வார்த்தையே அதானே. குழந்தை செத்துட்டா தாத்தா பேரு விட்டுப்போகக் கூடாதுன்னு அடுத்து பிறக்கறவனுக்கும் அதே பேரு வச்சிடுவாங்க. எங்க ஓலே ரெண்டாவது ஓலே, 1859. அதனால ஞானஸ்நானம் கிடைச்சதும் நிறுத்தாதீங்க, கன்ஃபர்மேஷன் (ஞானஸ்நானத்த வளர்ந்தப்புறம் சர்ச்ல உறுதிப்படுத்தற சடங்கு) பதிவையும் பாருங்க, அந்தக் காலத்துல அங்க பதினஞ்சு வயசு வாக்குல எல்லாரும் எடுத்தாகணும், உயிரோட இருந்தானான்னு அதுல தெரிஞ்சிடும், அம்மை குத்தின விவரம்கூட இருக்கும்.

1865 சென்சஸ்லதான் நான் உக்காந்து அழுதுட்டேன். அதுல ஆளுங்க மட்டும் இல்ல, மாடு ஆடு எத்தன, என்ன விதைச்சாங்கன்னும் இருக்கும். ஓலேயோட அப்பா ஹுஸ்மான், அதாவது பண்ணைக்காரர் நிலத்துல ஒரு துண்டு வாங்கிகிட்டு அதுக்கு பதிலா பண்ணைல வேலை செய்யறவர். ஒரு பசு, நாலு செம்மறி, கொஞ்சம் பார்லி, உருளைக்கிழங்கு. ஏழு பேர் சாப்பிடணும். எட்டு லட்சத்துக்கும் மேல நார்வேக்காரங்க ஏன் கிளம்பினாங்கன்னு அந்த ஒரு வரி சொல்லிடுச்சு எனக்கு.

அதனால ஐயா, எல்லிஸ் தீவு வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போட்டா நல்லாருக்கும், அத நம்பிட்டு தேடாமலே விட்டவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க. எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி, ஓலேயோட தங்கச்சி. அவங்க நார்வேலயே இருந்துட்டாங்க, 1910 சென்சஸ்ல பிறந்த தேதியோட கிடைச்சாங்க, 1920லயும் ஒரு மகள் வீட்ல இருக்காங்க, அதுக்கப்புறம் அந்த மகள் குடும்பம் எங்க போச்சுன்னு பிடிபடல. நூறு வருஷம் மூடி வைக்கணும்னு அங்க சட்டம், 1930 சென்சஸ் 2030 டிசம்பர் 1ஆம் தேதிதான் திறக்கும். அப்ப எனக்கு எழுபத்தேழு. கண்ணாடிய மாத்தி வச்சுக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மினசோட்டா