உன் பழைய மின்சார சைக்கிளை விற்கும் முன்

கண்ணா,

"அந்த பேட்டரி சைக்கிளை வந்த விலைக்குத் தள்ளிவிடும்மா" என்று போன வாரம் போனில் ஒரே வரியில் முடித்துவிட்டாய். தள்ளிவிடலாம்தான், ஆனால் அது என்ன சைக்கிள் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் மறந்துவிட்டது, கேட்டு வருகிறவர்களோ எடுத்த எடுப்பிலேயே "என்ன மாடல்?" என்கிறார்கள். ஃபிரேமில் இருந்த ஸ்டிக்கர் வெளுத்து உரிந்து இரண்டு எழுத்துதான் மிச்சம். அதனால் மூன்று நாளாக அதனோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பெடல் அச்சு நுழைகிற குழாய்க்கு அடியில் நம்பர் குத்தியிருக்கும் என்று ரிப்பேர் பார்க்கிற தம்பி சொல்லியிருந்தார், பார்த்தால் அங்கே மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல்லாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்த பிறகும் எழுத்துக்குள் பெயின்ட் அடைத்திருந்ததால் படிக்க முடியவில்லை. அப்புறம் மெல்லிய தாளை மேலே வைத்து பென்சிலைச் சாய்த்து உரசினேன், ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக எழும்பி வந்தது. இந்த நம்பரை வைத்து நாமே வருடத்தை ஊகிக்கக் கூடாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை உண்டு. ஆனால் தயாரித்தவர்களிடம் கொடுத்தால் மாடல் தெரியும், வாங்குகிறவரும் இது திருட்டு வண்டி இல்லை என்று சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில்தான் இருக்கிறது. துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் 36 வோல்ட், 250 வாட் என்று தெளிவாகத் தெரிகிறது. சக்கரத்தைத் தூக்கி முன்பக்கமாகச் சுற்றினால் லேசாக ஓடுகிறது, பின்பக்கமாகச் சுற்றினால் இழுத்துப் பிடிக்கிறது. அப்படியென்றால் உள்ளே சின்னச் சின்ன பற்சக்கரம் வைத்த மோட்டார், பேட்டரி இல்லாவிட்டாலும் கால் வலிக்காமல் மிதிக்கலாம். விற்கும்போது இதை அவசியம் சொல்ல வேண்டும், சாதாரண சைக்கிளாக ஓட்டவே பலர் வாங்குவார்கள்.

இனி பேட்டரி. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். "சார்ஜ் போட்டுப் பாரும்மா, ஏறினால் ஏறட்டும்" என்றாய். நான் போடவில்லை, போட விடவும் மாட்டேன்.

ஸ்டிக்கரில் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று இருக்கிறது, பெருக்கினால் 360 வாட்-மணி, அதுதான் முழுசாக ஏறினால் இது பிடிக்கிற மின்சக்தி. தூக்கினால் கனமில்லை, சார்ஜரில் 42 வோல்ட் என்று போட்டிருக்கிறது, ஆக லித்தியம்தான். பத்து செல் வரிசையாகக் கோத்தது, ஒரு செல்லுக்கு 4.2 வீதம் முழுசாக ஏறினால் 42 வரும். ரிப்பேர் தம்பியின் மல்டிமீட்டரை வைத்தபோது காட்டியது 19 வோல்ட். செல்லுக்கு 2 வோல்ட்கூட இல்லை. நீ போனதிலிருந்து சார்ஜே இல்லாமல் கிடந்திருக்கிறது, உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாதி சார்ஜில் வைத்து அவ்வப்போது பார்த்திருந்தால் பிழைத்திருக்கும், அதை உன்னிடம் கேட்டுச் செய்யாதது என் தவறு. இவ்வளவு கீழே இறங்கினால் செல்லுக்குள் இருக்கிற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே வேண்டாத இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். ஷார்ட் ஆனால் தீப் பிடிக்கலாம். லித்தியம் பேட்டரி தீ ஒரு தடவை அணைத்தாலும் மறுபடி பிடிக்கலாம்.

நேற்று ஒருவர் வந்தார், நல்ல பையன்தான், உன் வயதுதான் இருக்கும். "பேட்டரியையும் கொடுங்க ஆன்ட்டி, வீட்டில் வைத்து நான் ஏற்றிப் பார்த்துக்கிறேன்" என்றார். அவர் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதாம். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு சைக்கிளும் வேண்டாம் என்று போய்விட்டார். போகட்டும். நமக்கு ஒரு விற்பனை போனது, அவ்வளவுதான். ராத்திரி அந்தக் குழந்தை தூங்குகிற அறையில் இது சார்ஜில் கிடப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

நீ வரும்போது விமானத்தில் எடுத்துப்போய் அங்கே செல் மாற்றிக்கொள்வதாக முன்பு ஒரு முறை சொன்னாய். அதுவும் நடக்காது, பயணிகளுக்கு 160 வாட்-மணிக்கு மேல் அனுமதி இல்லை, இது 360. எனவே முனைகளில் டேப் ஒட்டி, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் தனியாக வைத்திருக்கிறேன். நீ சரி என்றதும் மின்கழிவு வாங்குகிற இடத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். குப்பையில் போட மாட்டேன்.

மற்றதெல்லாம் நல்ல செய்தி. ரிப்பேர் தம்பி தன்னிடம் இருந்த நல்ல 36 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கொஞ்ச நேரம் இணைத்துப் பார்த்தார். டிஸ்ப்ளே எரிந்தது, ஆனால் பெடலைச் சுற்றினால் மோட்டார் அசையவே இல்லை, எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவர் குனிந்து பெடல் மாட்டியிருக்கிற கிராங்க் பக்கத்தில் இருக்கிற காந்த வளையத்தைக் காட்டினார், பெடல் சுற்றுவதை உணர அதற்கு எதிரே இருக்க வேண்டிய சென்சார் கழன்று ஒரு விரல் தள்ளிப் போயிருந்தது. துடைத்து, வளையத்தை ஒட்டி நகர்த்தித் திருகியதும் சக்கரம் கிர்ரென்று சுற்றியது. பிரேக் லீவரை அழுத்தினால் மோட்டார் உடனே நிற்கிறது. நீ மழையில் விழுந்து வளைத்துக்கொண்ட அதே இடதுபக்க லீவர்தான், வளைந்தபடியே வேலை செய்கிறது.

ஆகையால் விளம்பரத்தில் நான் எழுதப்போவது இதுதான்: மோட்டார் ஓடுகிறது, சார்ஜர் உண்டு, பேட்டரி கிடையாது. மோட்டாருக்குப் போகிற கரன்ட்டைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் 36 வோல்ட், 15 ஆம்பியர், எனவே புது பேட்டரி வாங்குகிறவர் தொடர்ந்து 15 ஆம்பியர் தருகிறதாகப் பார்க்க வேண்டும், பேட்டரியை ஃபிரேமில் மாட்டுகிற சட்டமும் கனெக்டரும் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பின் டயர் ஓரத்தில் வெடிப்பு, இடது லீவர் வளைவு, இரண்டையும் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடுவேன். "சின்னப் பழுது" என்று மூடி மறைக்க மாட்டேன். விலை குறைவாகத்தான் வரும், அதில் எனக்கு வருத்தமில்லை, உனக்கும் வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. பழைய மெயிலில் தேடி பில்லை அனுப்பு, அதில் இருக்கிற நம்பரும் என் பென்சில் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம். அப்புறம் பேட்டரி பூட்டின் இரண்டாவது சாவி உன் கொத்தில் இருக்கிறதா பார். புது பேட்டரிக்குப் பழைய பூட்டு ஆகாமல் போகலாம், ஆனாலும் வாங்குகிறவர் கேட்டால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அம்மா