உப்புக்கு வந்த மாமிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் கையால் விழுந்த அடியைப் பற்றி நான் எழுதிய புத்தகம் வந்த பிறகு, அந்த மூன்று வாரமும் என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாததும் சிலருக்குத் தெரிந்திருக்கிறது, அது வேறு கதை. புத்தகம் இன்னும் கடைகளில் இருக்கிறது. அம்மா இரவில் நித்திரை கொள்கிறார். தொலைபேசி அடித்தால் நான் எடுக்கிறேன். இந்த மூன்றுக்கும் நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். வெளியீட்டு மண்டபம் கடைசி நேரத்தில் இல்லையென்று ஆனபோது தன் வீட்டு முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. கதிரைகளுக்கு வாடகை வாங்காத கடைக்காரருக்கு. கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒப்புநோக்கினாலும் என் சந்திப் பிழைகளில் ஒன்றையும் விடாத தோழிக்கு. "கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கு வைச்சு விக்கிறன், குறை நினைக்காதையுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஒரு பிரதியைக்கூடத் திருப்பி அனுப்பாத புத்தகக் கடை அண்ணைக்கு. வாசலில் வந்து சத்தம் போட்ட சொந்தக்காரரை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிய என் தம்பிக்கு. (தம்பி ஊற்றும் தேத்தண்ணி வாயில் வைக்கேலாது. அவர்கள் அவ்வளவு கெதியாக எழும்பிப் போனதற்கு அதுதான் காரணமென்று நினைக்கிறேன்.)

கடிதம் எழுதியவர்களுக்கு. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்ததைவிட, இங்கே பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவைதான் என்னை உலுக்கின. "எங்கட வீட்டுக் கதையை ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று ஏறக்குறைய ஒரே வசனத்தைப் பதினொரு பேர் எழுதியிருந்தீர்கள். ஒருவர் தான் ஒரு தகப்பன் என்று மட்டும் அறிமுகம் செய்துகொண்டு எழுதியிருந்தார்: "வாசித்து முடித்த அன்றிரவு, கூரை இறப்பில் செருகி வைத்திருந்த பூவரசங்கம்பை எடுத்து முறித்து அடுப்புக்குள் வைத்தேன். மகன் பார்த்துக்கொண்டு நின்றான். நாளைக்கு வேறை முறிப்பியள்தானே என்று கேட்டான்." அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை வர நாள் எடுக்கும். எடுக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள் ஐயா.

திட்டியவர்களுக்கும் நன்றி என்று எழுதுவது ஒரு வழக்கம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. "அடி உதவுவதுபோல அண்ணன் தம்பி உதவார்" என்று தபாலட்டையில் எழுதி அனுப்பியவருக்குப் பதில் போடவில்லை. ஆனால் "சண்டைக் காலம்தானே உங்கட அப்பாவை அப்படி ஆக்கினது, அதையேன் எழுதேல்லை" என்று அக்கறையோடு கேட்டவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நானும் அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் ஷெல் விழுந்த இரவுகளில்தான் எங்கள் வீட்டில் அடி விழவில்லை. அந்த இரவுகளில் நாங்கள் பக்கத்து வளவுப் பங்கருக்குள் நாலு குடும்பத்தோடு நெருக்கியடித்து இருந்தோம். 1995 அக்டோபர் 30 இரவு ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சீலையை மறைப்பாகக் கட்டி இருந்த மாதங்களிலும் அப்பா கை ஓங்கவில்லை. பசி இருந்தது, வயிற்றோட்டம் இருந்தது, ஆனால் நான் அந்த மண்டபத்தில் நிம்மதியாக நித்திரை கொண்டேன். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவரால் அடக்கமுடிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இனி மாமிக்கு வருகிறேன்.

புத்தகத்தில் 47ஆம் பக்கத்தில் ஒரு மனுசி வருவா, ஞாபகம் இருக்கும். கோண்டாவிலில் எங்களுக்கு அடுத்த வளவுக்காரி. விளக்கு வைத்த பிறகு, அரிசி அளக்கிற பேணியான சுண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படலையைத் தள்ளி, "கொஞ்சம் உப்பு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு வருவா. அந்தி பட்ட பிறகு உப்புக் கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடும் என்பது அப்பம்மாவின் அசைக்கமுடியாத கட்சி. போதாக்குறைக்கு ஆனையிறவு உப்பளம் 1990இல் சண்டையோடு நின்றுபோன பிறகு, உப்பையும் அளந்து போட்ட வீடு எங்களுடையது. அப்பம்மா விறாந்தையில் இருந்தபடி தொடங்குவா: "விளக்கு வைச்ச பிறகு உப்புக் கேட்டு வாறாய், உனக்குக் கொஞ்சமும் அறிவில்லையோ!" நான் அந்த மனுசியை மூன்று வரியில் எழுதி முடித்திருந்தேன். எந்த நேரத்தில் எதைக் கேட்பதென்று தெரியாதவ, எத்தனை பேச்சு வாங்கினாலும் உறைக்காதவ என்று. வெளியீட்டன்று பேசியவர்களில் ஒருவர் அந்த இடத்தை வாசித்துக் காட்டினார். புத்தகத்தில் சிரிக்க இருக்கிற ஒரே இடம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணியிருக்கும், கொக்குவிலில் எங்கள் கேற்றடியில் ஆட்டோ வந்து நின்றது. அப்போது எங்களுக்கு எந்த ஆட்டோச் சத்தமும் வயிற்றைக் கலக்கும். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சீலை உடுத்த வயதுபோன அம்மா ஒருவர், ஆட்டோக்காரத் தம்பியின் தோளைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். சங்கானையில் மகளோடு இருக்கிறாராம். பஸ்ஸில் மானிப்பாய் வரை வந்து, அங்கே ஆட்டோ பிடித்திருக்கிறார். கண் வடிவாகத் தெரியாது. பேத்திதான் புத்தகத்தை ஒவ்வொரு இரவும் வாசித்துக் காட்டினாளாம்.

கதிரையில் இருந்தார். தண்ணி கொடுத்தேன், குடித்தார். பிறகு எந்த முகவுரையும் இல்லாமல் கேட்டார்.

"பிள்ளை, நான் உப்பில்லாமலோ உங்கட வீட்டை வந்தனான்?"

எனக்கு விளங்கவில்லை.

"உங்கட குசினிப் பக்கம் சட்டி விழுற சத்தம் கேட்டால் நான் சுண்டை எடுத்திடுவன். தேங்காய் கேட்டால் உடனே தந்து அனுப்பிப்போடுவினம். நெருப்புக் கேட்டாலும் அப்படித்தான். உப்பெண்டால்தான் மாமியார் பேசத் துவங்குவா. அவ துவங்கினால் பத்து நிமிசம் நிப்பாட்டமாட்டா. கொப்பர் சேட்டு ஒண்டை மாட்டிக்கொண்டு வெளியில வந்து, 'இருங்கோ அக்கா, அம்மா அப்படித்தான்' எண்டு சிரிச்சுக் கதைப்பார். அந்தப் பத்து நிமிசத்துக்குத்தான் நான் வந்தனான்."

பத்து நிமிடம். அந்த வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். கோபம் ஆறப் போதும். ஆறாவிட்டாலும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் விட்டுச் சாத்தப் போதும். முப்பது வருசமாக நான் அவவை விவரமில்லாத மனுசி என்று நினைத்திருக்கிறேன். விவரமில்லாதது ஆர்?

அவர் அத்தோடு விடவில்லை. "வராத நாளும் இருக்கு, பிள்ளை," என்றார். கணவர் மறித்த நாட்கள். அது அவையின்ர குடும்ப விசயம், நீ போய் மூக்கை நுழைக்காதை என்று சொன்ன நாட்கள். "உன்ர கை முறிஞ்ச அண்டைக்கு நான் படலை மட்டும் வந்தனான். சுண்டும் கையில இருந்தது. உள்ளுக்கு வரக் கால் வரேல்லை. திரும்பிப் போட்டன்." சொல்லிவிட்டு என் இடது கையைக் கேட்டார். நீட்டச் சொன்னார். அந்த முழங்கை முழுசாக நிமிராது, கொஞ்சம் மடிந்தே நிற்கும். கண் தெரியாதபடியால் பெருவிரலால் தடவித் தடவி அந்த இடத்தைத் தேடினார். கண்டுபிடித்ததும் விரலை எடுக்கவில்லை. அழவும் இல்லை. "இதிலயோ," என்று மட்டும் கேட்டார். "ஓம் மாமி," என்றேன்.

இவ்வளவுக்கும் அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"முதல் நாளே தெரியும். அவ வீட்டு உப்புச் சட்டி எங்க இருக்கெண்டே எனக்குத் தெரியும், அது ஒருநாளும் வெறுமையாய் இருந்ததில்லை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சின்னப்பிள்ளையள் வாய் உளறுங்கள். கொப்பருக்குத் தெரிஞ்சிருந்தால் படலைக்குப் பூட்டுப் போட்டிருப்பார். பிறகு... பிறகு சொல்லாமலே போட்டுது."

மாமி கொண்டுவந்த பைக்குள் புழுக்கொடியல் ஒரு பொதி, முருங்கைக்காய் நாலு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பக்கற் உப்பு. "கணக்குப் பார்த்தால் ஒரு மூட்டை தரவேணும். பொல்லு ஊண்டிற மனுசி என்னெண்டு மூட்டை தூக்கிறது?" என்றார். அம்மாவைப் பார்த்து, "பயப்பிடாதை, பகல்லதான் கொண்டுவந்தனான்," என்றார். அம்மா அப்பம்மாவின் குரலில், "உனக்குக் கொஞ்சமும் அறிவில்லையோ!" என்றார். புத்தகம் வந்ததற்குப் பிறகு அம்மா சிரித்தது அன்றுதான். இரண்டு கிழவியும் இருமும்வரை சிரித்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற ஆட்டோத் தம்பி காத்திருந்த நேரத்துக்குக் காசு வேண்டாம் என்றான். அவனுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி.

அன்றிலிருந்து மனசு இதையே சுற்றுகிறது. அப்போது வளவுகளுக்கு இடையில் கிளுவங் கதியால் வேலிதான். கிடுகு கட்டினாலும் சத்தம் வரும், வேலிப் பொட்டுக்குள்ளால் பிள்ளைகள் போய் வருவார்கள். இப்போது ஆறடி மதில், இரும்புக் கேற், உள்ளே நாய். மதிலுக்கு அங்காலே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சுண்டோடு உள்ளே போகமுடியாது. சட்டம் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிசாரும் கேட்கலாம். அம்மாவுக்கு அன்றைக்கு அது இருக்கவில்லை. இப்போதும் அந்த மாதிரி ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு எனக்கு எழுதிய மூன்று பேருக்கு இதைத்தான் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: உதவி கேட்கத் தொலைபேசி இலக்கம் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. எடுத்துப் பேசுங்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் எடுத்துவிட்டதாக நேற்று எழுதியிருந்தார். பிள்ளை, உன் துணிச்சல் எனக்கு உன் வயதில் இருக்கவில்லை.

ஆனால் நம்பரை அழுத்தும் வரைக்கும் ஒரு பத்து நிமிடம் வேண்டுமே. அதற்கு ஆர் வருவது? எனக்குச் சுண்டு தூக்கத் தெரியாது. கரண்ட் இருக்கோ, தண்ணி வருதோ, எங்கட பூனையைக் கண்டீங்களோ என்று கேட்டுக்கொண்டு ஒரு கேற்றைத் தட்ட எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை. இனி தட்டுவேன். எங்களிடம் பூனை இல்லையென்று ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் வேறு ஏதாவது கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்தாலும் இங்கே எழுதமாட்டேன். அம்மாவிடம் படித்த பாடம்.

அடுத்த பதிப்பில் 47ஆம் பக்கத்தை என்ன செய்வதென்று பதிப்பாளர் கேட்டார். அந்த மூன்று வரியையும் எடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். அவை அப்படியே இருக்கட்டும், அவ்வளவு தெரியாத ஒருத்தி எழுதியதுதானே. கீழே ஒரு பக்கம் கூட்டித் தாருங்கள், மாமி சொன்னதை மாமியின் சொல்லிலேயே போடுகிறேன். வராத இரவையும் போடவேண்டுமா என்று மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். "போடு. போடாட்டி நான் பெரிய மனுசியாயிடுவன்," என்றார்.

மாமி, இதையும் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். வெளியீட்டன்று சிரித்தவர்களில் ஐந்தாறு பேர் தங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்டுவிட்டேன். என்னுடையதை நேரில் கேட்கிறேன். வாற ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சங்கானைக்கு வருகிறோம். சமைக்க வேண்டாம், புட்டு அவித்துக் கொண்டுவருகிறோம். சுண்டு ஒன்று அம்மா தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார். எப்ப வாறதெண்டு கேட்டதற்கு, விளக்கு வைத்த பிறகுதான் படலையைத் தட்டவேணும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். உப்பு எடுத்து வையுங்கோ.