மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்ததா?

அன்புள்ள ஜெனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க, தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறேன்.

நீ போன் பண்ணி பதினாறு நாள் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. வேலை இருக்கும், பாப்பாவின் படிப்பு இருக்கும், எல்லாம் ஒரே ஆளாகப் பார்க்கிறாய். உன்னைப் போல ஒரு குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகிற தெம்பு எனக்கு இருந்ததில்லை என்று லூர்து சித்தியிடம் அடிக்கடி சொல்வேன். ஆனால் பெற்றவளுக்கு ஒரு நிமிடம் இல்லையா? கடைசியாக நான் கூப்பிட்டபோது பாப்பாதான் எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க. அப்பாவுக்குக் காய்ச்சல், அம்மாச்சி. அதான் இன்னைக்கு வேலைக்குப் போகலை" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள். இப்போது குறைந்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

தம்பி மாதம் ஒருமுறை வந்து போகிறான். வேறு விசேஷம் இல்லை.

போன வாரம் கோவிலில் மூன்று நாள் தவக்காலத் தியானம் நடந்தது. வெளியிலிருந்து வந்த சாமியார்தான் மறையுரை கொடுத்தார். வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த முறை அவர் எடுத்துக்கொண்டது குடியையும் மற்ற அடிமைப் பழக்கங்களையும் பற்றி. முதல் நாளே எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல ஒரு நினைப்பு. உன் அப்பா போய் இத்தனை வருடம் ஆகியும் அந்த நினைப்பு போகவில்லை.

இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டதில் லூக்கா ஒரு வரியைச் சேர்த்து எழுதுகிறார் என்று சாமியார் சொன்னார். சோதனையெல்லாம் முடிந்ததும் அலகை, அதாவது சாத்தான், அவரை விட்டுப் போனது, ஆனால் "ஏற்ற காலம் வரும்வரை" மட்டும்தான். தவக்காலத்துக்காகக் குடியை நாற்பது நாள் நிறுத்துகிறவர்கள் இந்த வரியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அது எங்கேயும் போகவில்லை, உயிர்ப்பு ஞாயிறு சாயங்காலத்துக்காக வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது என்றார். எனக்கு அப்பாவின் காலண்டர் கண்ணுக்குள் வந்தது. திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வருமே, அதில் ஆறு ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் ஒறுத்தல் கணக்கில் சேராது, மீதிதான் 40 என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த வருடத்திலிருந்து ஞாயிறு ஞாயிறு குடித்தார். மற்ற நாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வருவார். அதையும் நான் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொன்னேன், எங்கள் வீட்டுக்காரர் தவக்காலத்தில் தொடுவதில்லை என்று.

அயர்லாந்தில், டப்ளினில், மாட் டால்பட் என்று ஒரு கூலித் தொழிலாளி இருந்தாராம். பன்னிரண்டு வயதிலேயே குடிக்க ஆரம்பித்தவர். 1884இல், 28 வயதில், மூன்று மாதம் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அது முடிந்ததும் ஆறு மாதம். அப்புறம்தான் வாழ்நாள் முழுக்க. பழைய கடை வாசல் இழுக்குமே என்று கையில் காசு இல்லாமல் வெளியே போவாராம். 41 வருடம் அப்படியே இருந்து, 1925இல் பூசைக்குப் போகிற வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது, புனிதராகும் வழியில் ஒரு படி. மாப்பிள்ளை மனம் வைத்தால் அவருக்கும் முடியும். அவர் கெட்டவர் இல்லை. உன் அப்பாவும் கெட்டவர் இல்லை.

இரண்டாம் நாள் சொன்ன கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. சீனாவில் மாற்கு ஜி தியான்சியாங் என்று ஒரு மருத்துவர், நல்ல கத்தோலிக்கர். வயிற்று நோய்க்கு அபின் எடுத்து அதற்கே அடிமையாகிவிட்டார். திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார், திரும்பத் திரும்ப விழுந்தார். அது நோய் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? உண்மையிலேயே மனம் வருந்தியிருந்தால் விட்டிருப்பாயே என்று பாவமன்னிப்புக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். முப்பது வருடம் நற்கருணை இல்லாமலே கோவிலுக்கு வந்துகொண்டிருந்தாராம், ஜெனி. கடைசிவரை பழக்கம் போகவில்லை. 1900இல் நடந்த கலகத்தில் விசுவாசத்தை மறுதலிக்காமல் குடும்பத்தோடு உயிரைக் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு அவரைப் புனிதராக்கினார்கள்.

கோவிலில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். ஆனால் என் மனம் முழுக்க அவருடைய மனைவியிடம்தான் இருந்தது. அவளைப் பற்றிச் சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடம் அந்த வீட்டை யார் நடத்தினார்கள்? நோயாளிகள் வந்து வாசலில் நின்றபோது என்ன பதில் சொல்லி அனுப்பினாள்?

மாப்பிள்ளை புனித வாரத்தில் ஒரேயடியாக விட்டுவிடப் போகிறார் என்று போன தடவை சொன்னாய். சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ரொம்ப நாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அது மனவுறுதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் புத்தி கலங்கி ஜன்னி கண்டதுபோல் பேசலாம். உயிரே போகலாம். அதற்கு மருந்து இருக்கிறது, மருத்துவர் பார்வையில் படிப்படியாக நிறுத்த வழி இருக்கிறது. அறைக்குள் அடைத்து வைத்து ஜெபம் மட்டும் சொல்லாதே.

உனக்கு நினைவிருக்கும். அந்தத் திருநீற்றுப் புதன், நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நெற்றியில் சாம்பலோடு வந்து பாட்டிலைக் கொட்டிவிட்டு, இனி இல்லை என்றார் அப்பா. மறுநாள் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் வந்தது. ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று வெறும் சுவரை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தார். "டாக்டரைக் கூப்பிடுங்கம்மா" என்றாய் நீ. பேய் வெளியே போகிறது, இடையில் கையை வைக்கக்கூடாது என்று நான் தீர்த்தம் தெளித்து, கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து ஜெபமாலையில் துக்க தேவரகசியம் சொன்னேன். டாக்டர் வந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமும் இருந்தது, இன்றைக்கு மறைக்க மாட்டேன். அடுத்த ராத்திரி அவர் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் தாழைத் திறந்தேன். நீ என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாய். அன்று பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு, விட்டால் செத்துப்போவேன் என்று சொல்லியே குடித்தார். அதற்கு நான்தான் இடம் கொடுத்தேன்.

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், முதலில் மருத்துவர். அப்புறம் நோன்பு.

நேற்று ஞாயிறு. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, சாமியார் ரோஜா நிற உடை போடுவாரே அந்த ஞாயிறு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர் குணமான நற்செய்தி. இவர் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்பார்கள். இரண்டும் இல்லை என்பார் இயேசு. எத்தனையோ தடவை கேட்டதுதான். அந்த இடத்தில் மனம் ஆறிப்போய் உட்கார்ந்துவிடுவேன், மீதி காதில் விழாது. நேற்று விழுந்தது. பரிசேயர் அந்தப் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். எங்கள் மகன்தான், பார்வை இல்லாமல் பிறந்தான், அதுவும் தெரியும், எப்படிப் பார்க்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாது, வயது வந்தவன்தானே, அவனையே கேளுங்கள் என்று கைகழுவிவிடுகிறார்கள். தொழுகைக்கூடத்தை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயம். பிள்ளைக்குக் கண் வந்த நாளில் பெற்றவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை.

எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வருடம் புனித வாரத் திங்கட்கிழமை ஒரு பையோடும் பாப்பாவோடும் வந்தாயே. எதுவும் சொல்லவில்லை நீ. கையில் அந்தக் கன்றிப்போன இடத்தைப் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்தேன். பெரிய வியாழனுக்கு முன்பே உன்னைத் திருப்பி அனுப்பினேன். பாதம் கழுவும் சடங்குக்கு நீ தனியாக வந்து நின்றால் நாலு பேர் கேட்பார்களே என்று. "இது கடவுள் கொடுத்த சிலுவை, பொறுத்துக்கொள்" என்று சொல்லி வண்டி ஏற்றினேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அது சிலுவை இல்லை, ஜெனி. அது என் பயம். அதற்குச் சிலுவை என்று பெயர் வைத்து உன் தோளில் ஏற்றிவிட்டேன்.

இயேசுவின் சிலுவையைத் தூக்கக்கூட சிரேன் ஊர் சீமோனைப் பிடித்தார்கள். துன்பத்துக்கு அர்த்தம் உண்டு என்று பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1984இல் ஒரு திருத்தூது மடல் எழுதினார். சுடப்பட்டு மூன்று வருடம் ஆகாத மனிதர், வலி தெரிந்து எழுதியது. அந்த மடல் முடிகிற இடத்தில் அவர் பேசுவது, வழியில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியரைப் பற்றி என்று மூன்றாம் நாள் சாமியார் சொன்னார். அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவதைப் பற்றி அல்ல.

தியானம் முடிந்ததும் அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "சொந்தத்தில் ஒரு பெண்" என்றுதான் சொன்னேன். அப்போதும் உன்னை என் மகள் என்று சொல்ல வாய் வரவில்லை, மன்னித்துவிடு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1153ஆம் எண். கணவனோ மனைவியோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ மனதிலோ பெரிய ஆபத்தை உண்டாக்கினால், மற்றவர் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு. பொதுவாக ஆயரின் ஆணை வேண்டும். காத்திருந்தால் ஆபத்து என்றால் அதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. திருமண உறவு அறுந்துவிடாது, திருச்சபை அதிகாரிகள் வேறு விதமாக முடிவு செய்தால் தவிர, காரணம் நீங்கியதும் திரும்பச் சேர வேண்டும். மாப்பிள்ளை குணமாகி வந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன். இது தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்று. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று நடக்கிற அல்-அனான் கூட்டத்துக்கு இரண்டு வாரமாகப் போகிறேன். 1951இலிருந்து இருக்கிறதாம். கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. நீ இதை உண்டாக்கவில்லை, உன்னால் அடக்க முடியாது, உன்னால் குணமாக்கவும் முடியாது என்று சொல்லித் தருகிறார்கள். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம், அப்பா போதையில் கிடந்தபோது அலுவலகத்திலிருந்து தேடி வந்த ஆளிடம் எட்டு வயதுப் பிள்ளையை அனுப்பி, "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று சொல்லச் சொன்னதைச் சொன்னேன். நீ என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போனாய். நன்றாகச் சொன்னாய் என்று முத்தம் கொடுத்தேன்.

பாப்பாவுக்கும் இப்போது எட்டு வயது.

அதனால்தான் கேட்டேன், காய்ச்சல் குறைந்ததா என்று. நீ பதில் எழுத வேண்டாம். போனில் விளக்கமும் வேண்டாம், பக்கத்தில் ஆள் இருப்பார்கள். ஒரே ஒரு மிஸ்டு கால் கொடு. தம்பியோடு நான் வந்து உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மாப்பிள்ளைக்கு மருத்துவரிடம் காட்டத் தம்பி அங்கேயே இருப்பான், அவனிடம் பேசிவிட்டேன். குருத்து ஞாயிறுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இந்தப் பெரிய வியாழன் என் பக்கத்தில், முன் வரிசையில் உட்கார். யார் கேட்டாலும் பதில் நான் சொல்கிறேன்.

பாப்பாவுக்கு முத்தம். அவள் சொன்னதற்காக அவளைத் திட்டாதே.

அம்மா